பேத்தையும் திருக்கையும்

கடல் கொடுப்பதற்கும் அஞ்சாது; கெடுப்பதற்கும் அஞ்சாது. முத்தும் பவளமும் உப்பும் மீனும் ஈந்து மக்களை வாழ்விக்கும் அக்கடலே, அறியாது அணுகுவோரை வருத்தவும் செய்யும். வலையில் விழும் மீன்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. வஞ்சிரமும் சாளையும் போலக் கையாலெடுத்து அறுத்துச் சமைக்கத் தக்கன பல. தொடுதற்கும் தின்னுதற்கும் தனி அறிவு வேண்டுவன சில. இப்பிற்கூறிய வகையுள் பேத்தை, திருக்கை என்னும் இரு மீன்கள் பெரிதும் குறிப்பிடத்தக்கன. இரண்டும் மக்களால் உண்ணப்படுவன, இரண்டும் நஞ்சுடையன, இரண்டும் உயிர் கொள்ள வல்லன. ஆயினும் ஒன்றன் நஞ்சு விளைக்கும் தீமை வேறு, மற்றதன் நஞ்சு விளைக்கும் தீமை வேறு. அவ்வேறுபாட்டை அறியாமையால் மாண்டவர் பலர். அறிந்தமையால் பிழைத்தவரும் பலர்.

தமிழில் நஞ்சு என்றும் விடம் என்றும் வழங்கும் இரு சொற்களும் பெரும்பாலும் ஒரு பொருளே தருவன. எனினும், அவற்றோடு சேர்ந்து வரும் வினைச்சொற்களை உற்று நோக்கின் ஓர் உண்மை புலனாகும். எட்டிக்காயைத் தின்றவனை ‘நஞ்சு உண்டான்’ என்கிறோம். பாம்பு கடித்தவனையோ ‘நஞ்சு உண்டான்’ என எவரும் கூறுவதில்லை. ‘விடம் தீண்டியது’, ‘விடம் ஏறியது’ என்றே கூறுவர். உண்டவரைக் கொல்லும் நஞ்சு ஒரு வகை. உடலைத் துளைத்துச் செலுத்தப்படும் நஞ்சு மற்றொரு வகை. பேத்தையின் நஞ்சு முன்னதைச் சார்ந்தது. திருக்கையின் நஞ்சு பின்னதைச் சார்ந்தது. இந்த ஒரு வேறுபாட்டினின்றே ஏனைய வேறுபாடுகள் அனைத்தும் கிளைக்கின்றன.

முதற்கண் பேத்தையை நோக்குவோம். இது பருத்த தலையும் சிறுத்த வாலும் உடையது. ஏனைய மீன்களைப் போலச் செதிலடுக்கு இதன் மேல் இல்லை. விரைந்து நீந்தும் ஆற்றலும் இதற்குக் குறைவு. பகை நெருங்குங்கால் இது நீரை மளமளவெனக் குடித்து, வயிற்றை ஊதிய பந்தெனப் பெருக்கிக்கொள்ளும். சில வகைகளுக்குத் தோலில் உள்ள சிறு முட்களும் அப்போது விறைத்து நிற்கும். விழுங்க வந்த மீன், பிடி கொள்ளாது விலகிச் செல்லும். மேல்தாடையில் இரண்டும் கீழ்த்தாடையில் இரண்டுமாக நான்கு தட்டையான பற்கள் கிளியின் அலகு போல் அமைந்திருப்பதால், மேனாட்டு அறிஞர் இதற்கு ‘நாற்பல்லி’ எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரை இட்டனர். நண்டு, சிப்பி ஆகியவற்றின் ஓட்டையும் நொறுக்கவல்லன அப்பற்கள். தோற்றத்தால் நகைப்புக்கு இடமான இம்மீனைப் பேதை என்று எண்ணுதல் பெரும் பிழையாகும்.

ஏனெனில், பேத்தையின் உண்மையான காவல் அதன் வீக்கமன்று. உடலின் உள்ளே உறையும் நஞ்சேயாம். ஈரல், சினைப்பை, குடல், தோல் ஆகிய உறுப்புகளில் அந்நஞ்சு செறிந்திருக்கும். சில வகைகளில் தசை தீங்கற்றது. வேறு சில வகைகளிலோ தசையிலும் நஞ்சு உண்டு. 1909ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் தஹாரா யோஷிஸுமி அதற்கு டெட்ரோடோடாக்சின் என்று பெயரிட்டார். இரண்டொரு மில்லிகிராம் அளவே வளர்ந்த மனிதனின் உயிரைப் போக்கப் போதுமானது என மதிப்பிடுவர். அதனினும் அஞ்சத்தக்க செய்தி ஒன்று உண்டு. வேகவைத்தாலும் பொரித்தாலும் உலர்த்தினாலும் இந்நஞ்சு அழிவதில்லை. நன்றாகக் கொதிக்கவைத்தால் எந்தத் தீமையும் நீங்கிவிடும் என்னும் அடுக்களை நம்பிக்கை பேத்தையிடம் பலிப்பதில்லை.

இதன் கொடுமையை உணர்ந்து எழுதிவைத்தவருள் ஆங்கிலக் கடலோடி கேப்டன் ஜேம்ஸ் குக் ஒருவர். 1774ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் அவருடைய ‘ரெசொல்யூஷன்’ என்னும் கப்பல் பசிபிக் கடலிலுள்ள நியூ கலிடோனியாத் தீவின் அருகே நங்கூரமிட்டிருந்தது. தீவினர் ஒருவரிடம் வாங்கிய மீனொன்றன் ஈரலையும் சினையையும் குக்கும், உடன் வந்த இயற்கை நூலறிஞராகிய ஃபார்ஸ்டர் என்னும் தந்தையும் மகனும் இரவுணவில் சிறிதளவே சுவைத்தனர். விடியுமுன் மூவருக்கும் கைகால்கள் சோர்ந்து மரத்துப்போயின. கனமான பொருளுக்கும் இலேசான பொருளுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றும், நீர் நிறைந்த குவளையும் பறவையின் இறகும் கையில் ஒரே எடையாகத் தோன்றின என்றும் குக் குறித்துள்ளார். அம்மீனின் குடலைத் தின்ற பன்றியொன்று காலையில் இறந்து கிடந்தது. மூவரும் சிறிதே உண்டமையால் பிழைத்தனர்.

அந்நிகழ்ச்சியின் எஞ்சிய பகுதி இன்னும் கருதத்தக்கது. மறுநாள் கப்பலுக்கு வந்த தீவினர், தொங்கவிடப்பட்டிருந்த அம்மீனைக் கண்டவுடன் அஃது உண்ணத் தகாதது எனக் குறிப்பால் உணர்த்தினர். ஆனால் முதல் நாள் அது விற்கப்பட்டபோதோ கப்பலில் ஏற்றப்பட்டபோதோ அதனை எவரும் உணர்த்தவில்லை. மீன் கைமாறியது, மீனைப் பற்றிய அறிவு உடன் கைமாறவில்லை. பேத்தையால் நேர்ந்த பல சாவுகளுக்கு இவ்வொரு குறையே காரணமாயிற்று.

இந்நஞ்சு உடலில் செய்யும் தொழில் யாது? மூளையின் ஏவலை உறுப்புகளுக்குக் கொண்டு செல்வன நரம்புகள். நரம்பிழையின் சுவரில் உள்ள நுண்ணிய வாயில்கள் திறந்து, சோடிய அணுக்கள் உள்ளே பாயும்போதுதான் ஏவல் ஓடும். டெட்ரோடோடாக்சின் அவ்வாயில்களில் அடைப்பான் போல் பொருந்தி, அவற்றை மூடிவிடுகிறது. முதலில் உதடும் நாவும் மரக்கும், பின்னர் விரல்கள் மரக்கும், பேச்சுக் குழறும், நடை தளரும். இறுதியில் மூச்சுவிடச் செய்யும் தசைகள் செயலிழக்கும். உடல் அசைவற்றுக் கிடக்கும்போதும் அறிவு பெரும்பாலும் தெளிந்தே இருக்கும் என்பது இந்நோயின் துயரத்தை மிகுவிக்கின்றது. இந்நஞ்சுக்கு மாற்று மருந்து இதுவரை இல்லை. எனினும் மருத்துவமனையில் செயற்கை முறையில் மூச்சளித்து முதல் நாளைக் கடத்திவிடின், நஞ்சு மெல்ல மெல்ல உடலினின்று நீங்கும். நோயாளி பிழைத்தெழுதல் கூடும். ஆதலின், உதடு மரத்த அந்நொடியே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். வீட்டு மருத்துவம் செய்து காலத்தைப் போக்குதல் கூடாது.

இத்துணைக் கொடிய மீனை விரும்பி உண்ணும் நாடு ஜப்பான். அங்கு இதற்கு ‘ஃபுகு’ என்பது பெயர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்சி செலுத்திய டொயோடோமி ஹிடெயோஷி, தன் போர்வீரர் பலர் இம்மீனைத் தின்று மாண்டமை கண்டு இதனைத் தடைசெய்தான் என்பர். பின்னர் 1888ஆம் ஆண்டில், பிரதமராக விளங்கிய இட்டோ ஹிரோபூமி ஷிமோனோசெகி நகரில் இதன் சுவையை அறிந்து, அந்நகரைச் சார்ந்த யாமாகுச்சி மாநிலத்தில் தடையை நீக்கச் செய்தார். இக்காலத்தில், தேர்வு பெற்று உரிமம் வாங்கிய சமையற்காரரே இம்மீனை அறுக்கலாம். அவர் நஞ்சுறுப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, எண்ணிப் பார்த்து, பிறர் கைபடாதவாறு தனிக்கலத்தில் இட்டு அப்புறப்படுத்துவார். தீங்கற்ற தசையை மட்டும், அடியிலுள்ள தட்டின் ஓவியம் தெரியுமளவு மெல்லிய ஏடுகளாகச் சீவிப் பரிமாறுவார்.

விதி இருந்தும் அதனை மீறியவர் கெட்டனர். கபுகி நாடகத்தில் பெரும்புகழ் பெற்று, அந்நாட்டின் வாழும் கலைச்செல்வமெனப் போற்றப்பட்ட எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ, 1975ஆம் ஆண்டு சனவரியில் கியோட்டோ நகர உணவகமொன்றில் ஃபுகுவின் ஈரலை நான்கு பேருக்குரிய அளவு கேட்டு வாங்கி உண்டார். அந்நஞ்சு தம்மை ஒன்றும் செய்யாது என்று அவர் நம்பினார். அவ்வுணவே அவர் உயிரைக் கொண்டது. கலையில் தேர்ச்சியும் நாட்டில் புகழும் நஞ்சின் முன் நிற்கவில்லை.

பேத்தை இந்நஞ்சைத் தானாக ஆக்கிக்கொள்வதில்லை என்பது பிற்கால ஆராய்ச்சி கண்ட உண்மை. கடலிலுள்ள சிலவகைப் பாக்டீரியாக்கள் அதனை ஆக்குகின்றன. அவற்றை உட்கொண்ட சிற்றுயிர்களைத் தின்பதால் நஞ்சு படிப்படியாகப் பேத்தையின் உடலில் சேர்கிறது. நஞ்சற்ற உணவு மட்டுமே ஊட்டிப் பண்ணையில் வளர்த்த பேத்தை பெரும்பாலும் நஞ்சின்றி இருத்தலைக் கண்டுள்ளனர். அங்ஙனமாயின், நஞ்சைச் சேர்த்துவைக்கும் மீன் தான் ஏன் மடியவில்லை? அதன் நரம்பு வாயில்கள் சற்றே மாறிய அமைப்புடையன. நஞ்சு அவற்றில் பொருந்துவதில்லை. கண்டத்தில் நஞ்சை அடக்கிய கடவுளைப் புராணம் பேசும். உடலெங்கும் நஞ்சை அடக்கிய மீனை அறிவியல் காட்டுகின்றது.

இனித் திருக்கையைக் காண்போம். இது சுறாவிற்கு உறவான மீன். இதன் உடலில் எலும்பு இல்லை, அனைத்தும் குருத்தெலும்பே. பக்கத் துடுப்புகள் இரண்டும் அகன்று தலையோடு ஒட்டி, உடல் முழுதும் ஒரு முறம் போலவோ விசிறி போலவோ தட்டையாகக் காணப்படும். கண்கள் மேற்புறத்தும், வாயும் செவுள்களும் அடிப்புறத்தும் அமைந்துள்ளன. ஆழமற்ற நீரில் மணலைத் தன்மேல் வாரிப் போர்த்துக்கொண்டு அசையாது கிடத்தல் இதன் இயல்பு. அப்போது கண்ணருகேயுள்ள துளைகளின் வழியே நீரை உள்ளிழுத்து மூச்சுவிடும். முட்டையிட்டுச் செல்லும் பெரும்பான்மை மீன்களைப் போலாது, கொட்டும் திருக்கைகள் குட்டி ஈனுவன.

திருக்கையின் படைக்கலம் அதன் வாலில் உள்ளது. சாட்டை போல் நீண்ட வாலின் மேற்புறத்தே ஒன்றோ, ஒன்றுக்கு மேற்பட்டனவோ முட்கள் உண்டு. முள்ளின் இருமருங்கும் அரத்தின் பற்கள் போன்ற சிறு கொக்கிகள் பின்னோக்கி அமைந்திருக்கும். ஆதலின் எளிதிற் பாயும் முள், வெளியே இழுக்கப்படுங்கால் சதையைக் கிழித்துக்கொண்டே வரும். முள்ளின் அடிப்பக்கத்துப் பள்ளங்களில் நஞ்சு சுரக்கும் திசு உள்ளது. அதனை மெல்லிய தோலுறை மூடியிருக்கும். முள் தைக்கும்போது உறை கிழிந்து நஞ்சு புண்ணில் கலக்கும். பழங்கிரேக்கர் இம்முள்ளை நன்கறிந்திருந்தனர். வீரன் ஒடிசியூஸ், திருக்கை முள்ளை முனையாகக் கொண்ட ஈட்டியால் தன் மகன் ஒருவன் கையாலேயே மாண்டான் என்பது அவர்தம் கதைகளுள் ஒன்று. தமிழ் வழங்கும் நிலங்களிலோ, உலர்ந்த திருக்கைவால் சாட்டையாகப் பயன்பட்டுத் தண்டனைக்கு ஒரு பெயராகவே நின்றது.

திருக்கை எவரையும் துரத்திச் சென்று தாக்குவதில்லை. மணலுள் கிடக்கும் அதனை அறியாது மிதிப்பவரையும், வலையினின்று எடுப்பவரையுமே அது கொட்டும். பெரும்பாலும் காலிலும் கணுக்காலிலும் கையிலும் முள் தைக்கும். உடனே தாங்கொணா வலி தோன்றி, ஒன்றரை மணி நேரத்திற்குள் உச்சத்தை அடையும். சிலருக்கு இரண்டு நாள் வரை நீடிக்கும். இத்துணை வலி தந்தாலும் காலில் பட்ட முள் உயிர் போக்குவது அரிது. மார்பிலோ வயிற்றிலோ பாய்ந்தால் நிலை வேறு. காட்டு விலங்குகளைப் பற்றிய படங்களால் உலகறிந்த ஆஸ்திரேலியர் ஸ்டீவ் இர்வின், 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் குயின்ஸ்லாந்துக் கடலில் திருக்கையருகே நீந்தியபோது முள் மார்பில் பாய்ந்து உயிர்நீத்தார். அங்கே உயிரைப் போக்கியது நஞ்சினும் மிகுதியாக முள் செய்த காயமேயாம்.

திருக்கையின் நஞ்சு புரதத்தால் ஆயது. ஆதலின் வெப்பத்தால் கெடுவது. இவ்வுண்மையே முதலுதவிக்கு அடிப்படை. முள் தைத்த காலைத் தாங்கத்தக்க அளவு சூடான நீரில், ஏறக்குறைய 45 பாகை வெப்பத்தில், அரைமணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்திவைத்தல் வேண்டும். வலியால் மரத்த கால் சூட்டை உணராது. ஆகவே நீரின் சூட்டை முதலில் நலமுள்ள கையால் தொட்டறிதல் வேண்டும். வலி தணிந்த பின்னரும் மருத்துவரிடம் செல்லுதல் இன்றியமையாதது. முள்ளின் துணுக்கு உள்ளே தங்கிப் புண் புரையோடுதல் உண்டு. மார்பிலோ வயிற்றிலோ தைத்த முள்ளைப் பிடுங்காது, அப்படியே மருத்துவமனை சேர்க்க வேண்டும். வருமுன் காக்கும் வழி இன்னும் எளிது. ஆழமற்ற கடலில் நடப்போர் காலைத் தூக்கித் தூக்கி வையாது, மணலைத் தேய்த்துக்கொண்டே நகர்ந்தால், அதிர்வை உணர்ந்த திருக்கை தானே விலகிப்போகும்.

நஞ்சு வாலின் முள்ளில் மட்டும் இருத்தலின் திருக்கையின் தசை உண்ணத் தக்கதே. மீனவர் வலையில் திருக்கை வந்தவுடன் முதலில் முள்ளைக் களைந்துவிடுவர். தமிழகக் கடற்கரையில் புளி கூட்டிக் குழம்பாகவும், வேகவைத்து உதிர்த்த புட்டாகவும், உப்பிட்டுக் கருவாடாகவும் இதனை உண்பர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் மிளகாய்ச் சாந்து தடவி, வாழையிலையில் வைத்துச் சுட்டு உண்பர். சுறாவையும் திருக்கையையும் சார்ந்த மீன்கள் யூரியா என்னும் பொருளை உடலில் தேக்கிவைப்பன. மீன் இறந்தபின் அது சிதைந்து அம்மோனியா நாற்றம் வீசும். குழம்பிற் சேரும் புளியின் காடித்தன்மை அந்நாற்றத்தைத் தணிக்கும். வேதியியல் கூறும் காரணத்தைக் கேளாமலே, கடற்கரைப் பெண்டிர் கைப்பழக்கத்தால் அதன் பயனைக் கண்டிருந்தனர்.

இரு மீன்களையும் ஒருங்கு வைத்து நோக்கின் வேறுபாடு தெளிவாகும். பேத்தையைக் கையால் தொடுதலால் பெரும்பாலும் தீங்கில்லை. தின்றால் சாவு நேரும். திருக்கையைத் தின்றால் தீங்கில்லை. மிதித்தால் துன்பம் நேரும். பேத்தையின் நஞ்சு நெருப்புக்கு அஞ்சாது. திருக்கையின் நஞ்சு வெந்நீருக்கே தோற்கும். பேத்தையின் நஞ்சு வலியின்றி வந்து மூச்சை நிறுத்தும். திருக்கையின் நஞ்சு உரக்கக் கூவி வரும். திருக்கையின் படைக்கலம் கண்ணுக்குப் புலனாவது; வெட்டி எறிந்தால் அச்சம் தீர்ந்தது. பேத்தையின் நஞ்சுக்கோ நிறமில்லை, மணமில்லை, காட்டிக்கொடுக்கும் சுவையுமில்லை. எனவே இரண்டனுள் மிகக் கொடியது எது என வினவின், வெளியே முள் தாங்கிய திருக்கையன்று. உள்ளே நஞ்சு மறைத்த பேத்தையே என்பது விடையாகும்.

கடற்கரையில் பிறந்து வளர்ந்தோர் பேத்தை இன்னது என அறிவர். வலையில் விழுந்தால் ஒதுக்கி எறிவர். அம்மீன் அறியாதாரிடம் செல்லும்போதே கேடு விளைகின்றது. 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை வங்காளதேசத்தில் மூன்று இடங்களில் கடற்பேத்தையை உண்டு 141 பேர் மருத்துவமனை சேர்ந்தனர். அவருள் 17 பேர் இறந்தனர். கடலுக்குத் தொலைவான உள்நாட்டுச் சந்தையில் மலிவான விலைக்குக் கிடைத்த மீன் அது. வாங்கியோர் எளிய மக்கள். பிள்ளைகளுக்கு மீன்குழம்பு ஆக்கித் தரவேண்டும் என்னும் அன்பே அவர்களை அதனை வாங்கச் செய்தது. அம்மீனின் இயல்பை எடுத்துரைக்க ஆங்கு ஒருவரும் இல்லாது போயினர். நியூ கலிடோனியாவில் குக்குக்கு நேர்ந்ததே, இருநூற்று முப்பத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் அவ்வேழைகளுக்கும் நேர்ந்தது. குக் சிறிதளவு சுவைத்துப் பிழைத்தார். பசித்தவர் வயிறார உண்டு மாண்டனர்.

மீன்களும் தம் இடத்தை மாற்றுகின்றன. 1869ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட சூயஸ் கால்வாய் வழியே செங்கடல் உயிரினங்கள் பல நடுநிலக் கடலுட் புகுந்தன. அவ்வாறு புகுந்த கொடிய பேத்தை வகையொன்று 2003ஆம் ஆண்டில் துருக்கிக் கடற்கரையில் முதன்முதலாகக் காணப்பட்டது. தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த அக்கரையோரும் அதனை அறியாராயினர். உண்டு நோயுற்றவர் சிலர். ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளில் பேத்தை இனத்தை விற்றல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

இவ்விரு மீன்களும் மனிதனுக்குப் பகை என்று முடிவு செய்தல் முறையன்று. அவற்றின் நஞ்சு தற்காப்புக்கு அமைந்ததே. மெல்ல வளர்ந்து, சில குட்டிகளையே ஈனும் திருக்கை, மிகுதியாகப் பிடிக்கப்பட்டால் தன் இனத்தை ஈடுசெய்ய இயலாது. சுறாவும் திருக்கையும் அடங்கிய இனங்களுள் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை அழிவை நோக்கி நிற்பதாக 2021ஆம் ஆண்டில் வெளிவந்த மதிப்பீடு கூறுகிறது. திருக்கையால் மனிதருக்கு நேரும் தீங்கினும், மனிதரால் திருக்கைக்கு நேரும் தீங்கு பன்மடங்கு பெரிது.

ஆகவே, மாணவர் இப்பாடத்தால் கொள்ளத்தக்கன மூன்று. பெயரறியா மீனை எவர் மலிவாகத் தந்தாலும் வாங்கியுண்ணல் ஆகாது. பேத்தையை நெருப்பு தூய்மைப்படுத்தாது என்பதையும், திருக்கையின் கொட்டுக்கு வெந்நீரே முதல் மருந்து என்பதையும் மறத்தலாகாது. மேலும், தான் அறிந்த ஆபத்தைப் பிறர்க்கு அறிவியாது வாளா இருத்தலும் குற்றமே. மீனை விற்பவன் அதன் இயல்பையும் சேர்த்துக் கொடுத்தல் வேண்டும். கற்றவன் கல்லாதார்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். இவ்வொழுக்கம் இடையறாது நிலவுமாயின், கடல் தரும் உணவு உயிரைக் காக்கும் உணவாகவே விளங்கும்.